பெயரும் பெயரனும்

 

இப்பேச்சைத் தொடங்குமுன் அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். குப்புசாமி என்னும் அப்பெயரைக் கேட்டதும், உங்களுள் சிலர் முதியவர் ஒருவரின் தளர்ந்த குரலை எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் முதியவன் அல்லேன். கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவன். என் வயதுடையோருக்கு இப்பெயர் இடுவார் அரியர். என் வகுப்பில் அறுபதின்மர் உளர். குப்புசாமி நான் ஒருவனே. இப்பெயரை மாற்றிக்கொள்ள நான் எண்ணியதும், அவ்வெண்ணத்தைக் கைவிட்டதும், அதற்கிடையே கிரேக்க நாட்டுப் பழங்கதைகளும் வரலாறும் எனக்குத் துணைநின்றதும் ஆகிய செய்திகளையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

என் ஊர் நெய்வேலி நகரியம். நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருந்தமையால் பிறந்த ஊர் அது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் தோன்றியது. 1957ஆம் ஆண்டில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகழ்ந்து அகழ்ந்து, 1961ஆம் ஆண்டில் கரியைக் கண்டனர். அடுத்த ஆண்டில் மின்சாரமும் பிறந்தது. செருமானியர் செய்த பெருஞ்சக்கர எந்திரங்கள் மண்ணை வாரின. சோவியத்து நாட்டின் துணையோடு அனல்மின் நிலையம் எழுந்தது. பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வந்து குடியேறினர். எங்கள் நகரியத்தில் குடியிருப்புகள் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. ஒருவரை ஒருவர் எந்த ஊர் என்று கேட்பதில்லை. எத்தனையாவது வட்டம் என்றே கேட்போம்.

இத்தகைய ஊரில் பள்ளி வருகைப் பதிவேடு ஒரு சிறு உலகம். மலையாளப் பெயர், தெலுங்குப் பெயர், வங்கப் பெயர், தூய தமிழ்ப் பெயர் யாவும் அதில் உண்டு. அவற்றினிடையே என் பெயரை ஆசிரியர் அழைக்கும்பொழுது பின்வரிசையில் மெல்லிய நகைப்பு எழும். குப்பைத்தொட்டி அருகில் என்னை நிற்கச் சொல்லி வேடிக்கை பார்த்த நண்பர்களும் உண்டு. சிறுவர் விளையாட்டு என்று இன்று அதனைப் பொறுக்க முடிகிறது. பதின்மூன்று வயதில் பொறுக்க முடியவில்லை. பதினெட்டு வயது நிரம்பியதும் முதல் வேலையாகப் பெயரை மாற்றி அரசிதழில் வெளியிடச் செய்வேன் என்று மனத்துள் உறுதி பூண்டேன். புதுப்பெயரும் தேர்ந்து வைத்திருந்தேன். அதை இங்குச் சொல்லப் போவதில்லை.

அக்காலத்தில் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் கிரேக்கப் புராணக் கதைகள் அடங்கிய நூலொன்று வாங்கினேன். வீரரும் அரக்கரும் பொருதும் கதைகளை நாடியே அதனை வாங்கினேன். ஆயினும் படிக்கப் படிக்க அக்கதைகளில் பெயர் என்பது வெறும் ஒலியன்று, ஊழோடு பின்னிய ஒன்று என்பது புலனாயிற்று.

ஒடிசியஸ் என்னும் வீரனின் கதையைக் கேளுங்கள். ட்ராய்ப் போர் முடிந்து வீடு திரும்பும் வழியில், பாலிபீமஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் அவன் அகப்பட்டுக்கொள்கிறான். அரக்கன் பெயரைக் கேட்கிறான். யாருமில்லை என்பதே என் பெயர் என்கிறான் ஒடிசியஸ். பின்னர் அரக்கன் உறங்கும்போது அவன் கண்ணைக் குத்திவிடுகிறான். அலறல் கேட்டு ஓடிவந்த மற்றை அரக்கர்கள், உன்னைத் துன்புறுத்துவோன் யார் என்று வெளியிலிருந்து வினவ, யாருமில்லை என்று பாலிபீமஸ் கதறுகிறான். யாரும் துன்புறுத்தவில்லையாயின் நமக்கென்ன வேலை என்று அவர்கள் திரும்பிவிடுகின்றனர். பெயரை மறைத்ததால் ஒடிசியஸ் உயிர் பிழைத்தான்.

கதை அதனோடு முடியவில்லை. கப்பலேறித் தப்பும்போது அவனால் வாளா இருக்க முடியவில்லை. யாருமில்லாதவனாகப் போவதற்கு அவன் மனம் ஒப்பவில்லை. துணைவர் தடுத்தும் கேளாமல், தன் பெயரையும், லேயர்ட்டீஸ் என்னும் தந்தையின் பெயரையும், இதாக்கா என்னும் தன் ஊரையும் உரக்கக் கூவிச் சொல்கிறான். பாலிபீமஸ் அம்மூன்றையும் அவ்வாறே எடுத்துச் சொல்லித் தன் தந்தையாகிய கடல் தெய்வத்திடம் முறையிட, கடல் அவனை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. துணைவர் அனைவரும் மாண்டனர். பெயரைச் சொன்னதற்கு அவன் கொடுத்த விலை அத்துணைப் பெரிது. அவ்விலை தெரிந்திருப்பின் சொல்லாது விட்டிருப்பானோ? விட்டிருக்கமாட்டான் என்றே எனக்குத் தோன்றியது.

இக்கதையில் மற்றொன்றும் என் கருத்தைக் கவர்ந்தது. பெயர், தந்தை பெயர், ஊர் என்னும் மூன்றையும் அவன் சேர்த்துச் சொன்னான். நம் முன்னோர் தம் பெயருக்கு முன் இரண்டு தலைப்பெழுத்து இட்டனரே, ஊருக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, அம்முறை என் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் சேர்ந்து கிரேக்க வரலாறு படித்தபோது, இது கதையில் மட்டும் உள்ள வழக்கன்று, ஏதென்ஸ் நகரத்தின் சட்டமும் அதுவே என்று கண்டேன்.

ஏதென்ஸில் ஒரு குடிமகனின் முழுப்பெயர் மூன்று உறுப்புடையது. சாக்ரட்டீஸ், சொப்ரொனிஸ்கஸின் மகன், அலொபெக்கே ஊரினன் என்றவாறு எழுதுவர். இங்கே ஊர் என்பது வெறும் இருப்பிடமன்று. கி.மு. 508ஆம் ஆண்டை ஒட்டிக் கிளைஸ்தனிஸ் என்பார் ஏதென்ஸின் ஆட்சிமுறையைத் திருத்தி அமைத்தார். பழைய குலப் பிரிவுகளை ஆட்சியின் அடிப்படையாகக் கொள்ளாமல், நாடு முழுவதையும் ஊர்களாகப் பகுத்தார். பிற்காலச் சான்றுகளில் அவ்வூர்களின் தொகை 139 என்று காண்கிறோம். ஒவ்வொரு குடிமகனும் தன் ஊரில் பெயரைப் பதிந்துகொண்டான். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் ஆட்சியமைப்பு நூல் இதற்குக் காரணமும் கூறுகிறது. புதிதாகக் குடியுரிமை பெற்றோரைத் தந்தையின் பெயரால் அழைத்தால் அவர்தம் தாழ்ந்த வழி வெளிப்படும். ஊரின் பெயரால் அழைத்தால் யாவரும் நிகராவர் என்பதே அக்காரணம். பெயரில் ஒரு சிறு மாற்றம் செய்தால் சமுதாயத்தில் ஒரு பெரு மாற்றத்துக்கு வழி பிறக்கும் என்பதை இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் உணர்ந்திருந்தார்!

ஆயினும் பழைய பெருங்குடியினர் தந்தையின் பெயரை எளிதில் விட்டுவிடவில்லை. இதற்குச் சான்று கூறுவன உடைந்த பானை ஓடுகள். ஏதென்ஸ் மக்கள், நாட்டுக்கு ஊறு செய்யக் கூடியவன் என்று தாம் கருதுவோன் ஒருவனின் பெயரை ஓட்டில் கீறி இடுவர். ஆறாயிரம் ஓடுகளுக்குக் குறையாமல் சேர்ந்தால், மிகுதியாக எழுதப்பட்ட பெயரை உடையவன் பத்து ஆண்டு நாட்டைவிட்டு நீங்க வேண்டும். பாரசீகரைக் கடற்போரில் வென்ற தெமிஸ்டாக்கிளிஸும் இவ்வாறே வெளியேற்றப்பட்டார். அவர் பெயர் கீறிய ஓடுகள் இன்றும் ஏதென்ஸில் உள்ளன. சில ஓடுகளில் தந்தை பெயர், சிலவற்றில் ஊர்ப்பெயர், சிலவற்றில் இரண்டும். சட்டம் ஒன்றைச் சொல்ல, வழக்கம் வேறொன்றைச் சொல்ல, இரண்டுக்கும் இடைப்பட்ட மக்களின் கை நடுக்கத்தை அவ்வோடுகளில் காணலாம்.

பானை ஓட்டில் பெயர் கீறுதல் நமக்குப் புதிதன்று. வைகைக் கரையில் கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் ஆதன் என்னும் பெயரும் குவிரன் என்னும் பெயரும் உள்ளன. கொங்கு நாட்டுக் கொடுமணலில் கண்ணன் ஆதன் என்றும், சம்பன் சுமணன் என்றும் பெயர்கள் கிடைத்தன. ஒருவன் பெயருக்கு முன் மற்றொரு பெயர் நிற்பதை நோக்குக. தந்தையின் பெயர் முன்னும் மகனின் பெயர் பின்னும் வருவது தமிழர் வழக்கம். செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசேர் அல் கதீம் என்னும் பழந்துறையில் கண்டெடுத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் காணப்படுகின்றன. கண்ணனும் சாத்தனும் கடல் கடந்து சென்றபோது தம் பெயரைத் தம் கலத்தில் எழுதிக்கொண்டே சென்றனர். யாருமில்லாதவராகச் செல்ல அவர்களுக்கும் மனம் ஒப்பவில்லை போலும்.

அவ்வழியே கிரேக்கப் பெயர்களும் நம் கரைக்கு வந்தன. சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்றின் கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தாள் ஒன்றில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் உள்ளது. 1985ஆம் ஆண்டில் அது பதிப்பிக்கப்பட்டது. அக்கப்பலின் பெயர் ஹெர்மப்பொல்லோன். வணிகரைக் காக்கும் ஹெர்மிஸ், ஒளிக்கடவுளாகிய அப்பொல்லோ என்னும் இரு தெய்வங்களின் பெயரை இணைத்து ஆக்கிய பெயர் அது. சங்கரநாராயணன் என்று பெயரிடும் நமக்கு இதன் பொருள் விளக்க வேண்டுவதில்லை.

வடக்கே விதிசா நகரத்தின் அருகே கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து கிரேக்க மன்னன் ஒருவனின் தூதனாக வந்தவன், வாசுதேவனுக்கு எடுத்த கருடத்தூண் அது. அவன் பெயர் ஹீலியோடோரஸ். தந்தை பெயர் டியோன். இங்கும் பெயர், தந்தை, ஊர் என்னும் மூன்றும் கல்லில் உள்ளன. ஹீலியோடோரஸ் என்றால் கதிரவன் கொடுத்தவன் என்பது பொருள். தியோடோரஸ் கடவுள் கொடுத்தவன். நாம் தேவதத்தன் என்கிறோம். வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரொடோட்டஸின் பெயரை ஹீரா தேவி தந்தவன் என்று விரிப்பர். பிள்ளையைப் பெற்றவர்கள், அதனைத் தம் உடைமை என்று கூற அஞ்சித் தெய்வத்தின் கொடை என்று கூறி மகிழ்வது இரு நாட்டுக்கும் பொது.

தெய்வம் கொடுத்த பிள்ளைக்குப் பாட்டன் பெயர் இடுவதும் இரு நாட்டுக்கும் பொது. தமிழில் பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதே உறவுப்பெயர் ஆயிற்று. உறவையே பெயரால் குறித்த மொழி நம் மொழி. கிரேக்க மொழியில் அத்தகைய சொல் இல்லையெனினும் வழக்கம் உண்டு. அரிஸ்டாட்டிலின் தந்தை நிக்கோமாக்கஸ், மகனும் நிக்கோமாக்கஸ். மராத்தான் போரை வென்ற மில்டியாடிஸின் தந்தை கைமன், மகனும் கைமன். தெய்வங்களுக்கு நிகராக வைத்துப் பாடப்படும் ஹெராக்ளிஸும் முதலில் ஒரு பெயரனே. அவனை வளர்த்த தந்தையின் தந்தை அல்சியஸ். ஆதலால் அல்சைடிஸ் என்பதே அவனுக்கு முதலில் வழங்கிய பெயர் என்று பழைய நூல் கூறும். ஹெராக்ளிஸ் என்பது பின்னர் வந்த பெயர். ஹீராவின் புகழ் என்பது அதன் பொருள் என்பர். அவனைத் தொட்டிலிலேயே கொல்லப் பாம்புகளை ஏவியவள் அந்த ஹீரா! பகைத்தவளின் பெயரைச் சுமந்துகொண்டே அவன் பன்னிரண்டு அருஞ்செயல்களைச் செய்து முடித்தான். சுமந்த பெயரை அவன் மாற்றவில்லை. அப்பெயருக்குப் பொருளை அவன் மாற்றிவிட்டான்.

நண்பர்களே, ஹெராக்ளிஸின் கதையில்தான் என் பெயரும் இருந்தது! நான் கூறுவது மிகையன்று. ஹெராக்ளிஸுக்கு அருஞ்செயல்களைப் பணித்தவன் யூரிஸ்தியஸ் என்னும் கோழை மன்னன். அவனுக்கு வீரனை நேரில் காண அச்சம். ஆதலால் தூதன் ஒருவன்வழியே கட்டளை அனுப்புவான். அத்தூதன் பெயர் கொப்ரியஸ். கொப்ரஸ் என்றால் சாணம், எரு. எருக்குப்பைக்குரியவன் என்பது அப்பெயரின் பொருள். குப்பன் என்பதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

புலவர்கள் அவனை இழித்தற்காகவே அப்பெயரைக் கொடுத்தனர் என்று முதலில் எண்ணினேன். ஆனால் எகிப்து நாட்டில் கிடைத்த பழந்தாள்களில் கொப்ரியஸ் என்றும், பெண்ணாயின் கொப்ரியா என்றும் உண்மை மாந்தர் பலருக்குப் பெயர் இருந்தது என்று அறிந்தேன். குப்பைமேட்டில் எறியப்பட்ட குழவியை எடுத்து வளர்த்தோர் இட்ட பெயர் அது என்பர் சில அறிஞர். தீய சக்திகளின் கண் படாதிருக்கப் பெற்றோரே இட்ட பெயர் என்பர் வேறு சிலர்.

குழவியை எறிதல் பண்டைக் கிரேக்கத்தில் இருந்த கொடிய வழக்கம். ஈடிப்பஸ் கதை அதனைச் சொல்லும். பிறந்த மகவின் கணுக்காலைத் துளைத்து மலையில் விடச் சொல்கிறான் தந்தை. இடையன் ஒருவன் இரங்கிக் காப்பாற்றுகிறான். வீங்கிய அடியை உடையவன் என்பதே ஈடிப்பஸ் என்னும் பெயரின் பொருள். தன்னைப் பெற்றோர் எறிந்த செய்தியைத் தன் பெயரிலேயே அவன் சுமந்து திரிந்தான். கண்ணெதிரே இருந்த அதனை வாழ்நாளின் பெரும்பகுதியும் அவன் அறியவில்லை.

தெய்வத்தின் பொறாமைக்கு அஞ்சுதலும் கிரேக்கக் கதைகளில் உண்டு. நயோபி என்னும் அரசி தனக்குப் பிள்ளைகள் பலர் என்றும், தெய்வத்தாய்க்கு இருவரே என்றும் செருக்கிக் கூறினாள். அவ்விருவராகிய அப்பொல்லோவும் ஆர்ட்டெமிஸும் அவள் மக்கள் அனைவரையும் அம்பெய்து கொன்றனர். அழுதழுது அவள் கல்லானாள். பிள்ளையின் அருமையை வாய்விட்டுச் சொல்லாதே என்பது அக்கதை தாயர்க்குக் கூறும் எச்சரிக்கை.

நம் தாயர் அந்த எச்சரிக்கைக்கு ஒரு வழி கண்டிருந்தனர். அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் மறுபிள்ளை பிறந்தால், அதனைக் குப்பைமேட்டில் இட்டு எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிடுவர். அயலாள் ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றது போல் விற்று வாங்குவதும் உண்டு. பிச்சை கேட்டுப் பெற்றது போல் பெற்றுப் பிச்சை என்று பெயரிடுவதும் உண்டு. மண்ணாங்கட்டி என்று அழைப்பாரும் உளர். இது மதிப்பற்ற பொருள், கூற்றுவனே, உனக்கு வேண்டாம் என்று சொல்லும் சூழ்ச்சி அது. கிரேக்கர் உண்மையில் செய்த கொடுமையை நம் தாயர் நாடகமாக நடித்து, அந்நாடகத்தால் பிள்ளையைக் காக்க முயன்றனர்.

இதனைப் படித்து நான் மகிழ்ந்துவிடவில்லை. ஏனெனில் நம் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. வயலில் உழைத்த மக்கள் நல்ல பெயர் இட்டுக்கொள்ளலாகாது என்று தடுத்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. சாமி என்றும் அம்மாள் என்றும் முடியும் பெயரை அவர் கொண்டால் உடையவர்களுக்குச் சினம் வரும். குப்பன், சுப்பன் என்று அழைப்பதிலேயே இவன் இன்ன நிலையினன் என்னும் தீர்ப்பு அடங்கியிருந்தது. ஏதென்ஸிலும் அடிமைக்குத் தந்தை பெயர் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. சிரியாவிலிருந்து வந்தவனாயின் சிரஸ். திரேசு நாட்டினளாயின் திராட்டா. அவ்வளவே. 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பலில் தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்களையும், பதிவேடு எண்ணிட்டே எழுதியது.

அந்நிலையை மாற்ற நம் நாட்டில் பெருமுயற்சிகள் நடந்தன. 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் அவர்கள் மறைமலை அடிகள் ஆனார். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டத்தை ஒட்டும் வழக்கத்தை விடுமாறு தீர்மானம் செய்தது. பெரியார் தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை நீக்கினார். பிற மாநிலங்கள் பலவற்றில் குடிப்பெயர் இன்றிப் பெயர் முற்றுப்பெறுவது அரிது. தமிழ்நாட்டிலோ தந்தையின் முதலெழுத்தும் தன் பெயருமே போதும் என்று ஆயிற்று. கிளைஸ்தனிஸ் சட்டத்தால் செய்ய விரும்பியதை நம் முன்னோர் மனமாற்றத்தால் செய்தனர். இன்று தாயின் பெயரெழுத்தையும் முன்னே இட்டுக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. பெண்ணின் பெயரைப் பிறர் பேசாதிருத்தலே அவளுக்குப் பெருமை என்று பெரிக்கிளிஸ் கூறியதாகத் துசிடிடிஸ் எழுதியுள்ளார். அவ்வகையில் நாம் ஏதென்ஸைக் கடந்து வந்துவிட்டோம்.

ஆகவே என் உள்ளத்தில் ஒரு கேள்வி நின்றது. என் பாட்டனுக்கு இட்ட பெயர் தாயின் அன்பால் வந்ததா? உடையவரின் ஆணையால் வந்ததா? முன்னதாயின் அதனைச் சுமக்கலாம். பின்னதாயின் களைவதே கடன். பதினெட்டு வயது நிரம்பிப் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இக்கேள்வியோடு நான் இருந்தேன். பாட்டனார் இறந்து பல ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய தங்கை மட்டும் விருத்தாசலத்தை அடுத்த எங்கள் பழைய ஊரில் இருந்தார். அத்தைப் பாட்டி என்று அவரை அழைப்போம். அவரிடம் சென்று கேட்டேன்.

அவர் சொன்னது இது. என் பாட்டனாருக்கு முன் பிறந்த இருவர் ஓராண்டு நிறையுமுன் இறந்துவிட்டனர். மூன்றாவதாகப் பிறந்தவரை வீட்டின் பின்புறத்து எருமேட்டில் கிடத்தி, அண்டை வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போய், ஒரு படித் தவிட்டுக்கு மீண்டும் தாயிடமே விற்றாள். அதனால் குப்பன் என்று பெயர் வந்தது. ஆனால் அவர் வளர்ந்து வேலை செய்த பண்ணையில் அதே பெயரை இழிவாக ஆக்கினர். அன்பால் வந்த பெயரே, அடே என்று அழைக்கும் வாயில் ஆணையாக மாறியது. அன்பா, ஆணையா என்று நான் கேட்ட கேள்விக்கு, இரண்டும் என்பதே விடையாக இருந்தது.

பாட்டி மேலும் ஒன்று சொன்னார். 1958ஆம் ஆண்டு, நெய்வேலியில் மேல்மண் வெட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு என் பாட்டனார் நடந்தே சென்றார். பதினெட்டு வயது. மேசைக்குப் பின்னே அமர்ந்து பேரேட்டில் எழுதுபவர் பெயர் என்ன என்று கேட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் அவர் பெயரைக் கேட்டு எழுதக் காத்திருந்தார். அந்த நொடியில் என் பாட்டனார், குப்புசாமி என்று சொன்னாராம். தந்தை பெயர், ஊர் என்று அடுத்தடுத்துக் கேட்க, அவற்றையும் சொன்னாராம். அன்று மாலை வீடு திரும்பி, என்னைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்று தாயிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கையெழுத்திடத் தெரியாது, விரல் ரேகை வைத்தார். ஆனால் அந்தச் சாமி அவர் தாமே தமக்கு இட்டுக்கொண்டது. அவர் எழுதாத எழுத்து அது. ஆயினும் அவருடைய எழுத்து.

நான் பேச்சற்று இருந்தேன். குகையிலிருந்து வெளிப்பட்டுத் தன் பெயரையும் தந்தையையும் ஊரையும் உரக்கக் கூவிய ஒடிசியஸ் என் கண்முன் நின்றான். ஏதென்ஸின் ஊர்ப் பதிவேட்டில் முதன்முதலாகப் பெயர் எழுதப்பெற்ற எளியோன் ஒருவனும் நின்றான். எருமேட்டில் கிடந்த அச்சிறு பெயரோடு, பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தன் துணிவைச் சேர்த்துப் பேரேட்டில் ஏற்றினான். அதே பதினெட்டாம் வயதில் நான் அதனை நீக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்!

கிரேக்கரின் பல பெயர்கள் கிளிஸ் என்று முடிவதைக் கண்டிருப்பீர்கள். பெரிக்கிளிஸ், தெமிஸ்டாக்கிளிஸ், ஹெராக்ளிஸ் என வருவன அவை. அம்முடிவு புகழ் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. பிறர் வாயில் வழங்கும் செய்தி என்பது அப்புகழின் அடிப்பொருள். தமிழில் புகழுக்கு வேறு சொல் பல இருந்தும், பெயர் எடுத்தான் என்றே சொல்கிறோம். பெற்றோர் கொடுப்பதும் பெயர். நாம் எடுப்பதும் பெயர். கொடுத்த பெயரில் நம் பங்கு ஒன்றும் இல்லை; எடுக்கும் பெயரில் அனைத்தும் நம் பங்கு.

பெயரை மாற்றிக்கொள்வது தவறு என்று நான் சொல்லவில்லை. மறைமலை அடிகள் மாற்றினார். என் பாட்டனாரும் ஒருவகையில் மாற்றியவரே. இழிவைச் சுமத்தும் பெயரை நீக்குவோர் வரலாற்றில் நல்லதொரு வரியை எழுதுகின்றனர். நான் வேண்டுவது ஒன்றே. மாற்றுமுன் உங்கள் பெயரின் வரலாற்றைக் கேளுங்கள். அதனை அறிந்த முதியோர் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடை இருப்பர். கல்லில் எழுதாத, ஓட்டில் கீறாத வரலாறு அவர்களிடம்தான் உள்ளது. கேட்டபின் மாற்றுவதாயினும் காப்பதாயினும், அது அறிந்து செய்த செயலாகும்.

விண்ணப்பத் தாளை நான் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் அத்தைப் பாட்டி சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறேன். அண்மையில் தேர்வு ஒன்றுக்காகப் படிவம் நிரப்பும்போது, முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. என் தந்தையின் பெயரை ஒரு கட்டத்தில் எழுதினேன். மற்றொரு கட்டத்தில், எழுத்து ஒன்றும் குறையாமல், குப்புசாமி என்று எழுதினேன்.